கை நிறையப் பணம்... கண் நிறையத் தூக்கம் எங்கே?

"இவுகளுக்கு ஒரு வருஷமாப் பசியே இல்ல டாக்டர். ராத்திரி மூணு மணிக்கு முழிச்சு உக்காந்துகிடுதாக. வயிறு பொருமுதுங்காக, நெஞ்சு அடைக்குதுங்காக. இன்னும் எத்தனை டாக்டரத்தான் பாக்கது?"

சொல்லிக்கொண்டே மேஜைமேல் ஒரு ஃபைலை வைத்தார் அந்த அம்மா. இ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோப்பி, தைராய்டு, சர்க்கரை... எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தது. எல்லாமே நார்மல். ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். நான் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருக்க, அந்த அண்ணாச்சியோ (வயது 58; பெயர் வேண்டாமே) அது யாருடைய ஃபைலோ என்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நடந்தது 2021 தொடக்கத்தில். முகக்கவசம் போட்டுக்கொண்டு வைத்தியம் பார்த்த காலம்.

"கடன் எதுவும் உண்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

வயிற்றுப் பொருமலுக்கு வந்தவரிடம் கடன் பற்றிக் கேட்கிறாரே என்று திரும்பிப் பார்த்தார்.

"ஒரு பைசா கிடையாது. சொந்த வீடு. மக கல்யாணம் முடிஞ்சுது. மாசாமாசம் பென்ஷன் வருது. ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமா பேங்க்ல கிடக்கு. ஒரு குறையும் இல்ல டாக்டர்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா காலைல கண்ணு முழிச்சதும், எதுக்கு எந்திரிக்கணும்னு தோணுது, பாத்துக்கிடுங்க."

அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். இந்த வார்த்தையை அவரும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டிருக்கிறார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

டயல் டோன்

சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு. நாடி பார்ப்பதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில், ஐம்பது வயதுக்கு மேல் வரும் பாதிப் பேருக்கு 'மொழி'தான் நோயைக் காட்டிக் கொடுக்கிறது. என்ன பேசுகிறார் என்பது மட்டுமல்ல, எந்தப் பேச்சு வரும்போது குரல் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதும் அதில் சேர்த்திதான்.

அண்ணாச்சியின் குரல் எப்போது ஏறியது தெரியுமா? "என்ன வேலையில இருந்தீங்க?" என்று கேட்டபோது.

பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் கேபிள் இணைக்கும் பிரிவில் இருந்தவர். அங்கே 50 வயதைக் கடந்தவர்களுக்கு 2019 இறுதியில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. நாடு முழுக்கச் சுமார் 78 ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு, 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியே வந்தார்கள். அவர்களில் இவரும் ஒருவர். இரண்டு மாதம் ஆவதற்குள் கொரோனா ஊரடங்கு. பழைய ஆபீஸ் பக்கம் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குக்கூட வழியில்லாமல் போயிற்று.

"1992-ல தாமிரபரணி வெள்ளம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா டாக்டர்?" என்றார். நவம்பர் மாதம் வந்த அந்த வெள்ளத்தை நெல்லைக்காரர் யார்தான் மறப்பார்? "குழியெல்லாம் தண்ணி. கேபிளுக்குள்ள தண்ணி ஏறிட்டா அம்புட்டு லைனும் செத்துரும். தண்ணிய இறைச்சு, ஜாயின்ட்டப் பிரிச்சு, ஒவ்வொரு ஜோடிக் கம்பியாத் துடைச்சுக் காயவச்சு, திரும்ப முறுக்கிச் சேக்கணும். நூத்துக்கணக்கான ஜோடி. கலர் மாறிச்சுன்னா ஒரு வீட்டு போன் இன்னொரு வீட்ல அடிக்கும். மூணு நாள் வீட்டுக்கே போகல. கடைசில ஒரு ஆஸ்பத்திரி லைன்ல டயல் டோன் வந்துச்சு பாருங்க... அந்தச் சத்தம் இன்னும் காதுல நிக்கி."

அதுவரை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்திருந்தார். கைவிரல்கள் இல்லாத கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தன.

நோய் எங்கே என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரே சொல், இரண்டு அர்த்தம்

நம் தமிழில் 'பொருள்' என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள். செல்வத்துக்கும் அதே சொல்தான், அர்த்தத்துக்கும் அதே சொல்தான். திருவள்ளுவர் 'மருந்து' என்ற அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில்தான் வைத்தார். பணம் சேர்ப்பதைச் சொல்லும் 'பொருள் செயல்வகை'யும் அதே பாலில்தான் இருக்கிறது. வைத்தியம் படித்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த அடுக்கு இது.

அண்ணாச்சிக்கு முப்பது வருஷத்துக்கு மேலாகச் சம்பளமும் அர்த்தமும் ஒரே கவரில் வந்துகொண்டிருந்தன. அதனால் இரண்டும் வேறு வேறு என்றே அவருக்குத் தெரியாமல் போயிற்று. ஓய்வுக்குப் பிறகு ஒன்று வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. மற்றது நின்றுபோயிற்று. நின்றது எது என்று மனசுக்குச் சொல்லத் தெரியவில்லை. வயிறுதான் முதலில் சொன்னது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. ஆஸ்திரியாவில், வியன்னா நகரத்துக்குப் பக்கத்தில் மரீன்தால் என்று ஒரு சிறிய ஊர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் ஆலையை மூடிவிட்டார்கள். 478 குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேலை போயிற்று. கொஞ்ச காலம் அரசு உதவிப் பணம் வந்தது. மரீ யஹோடா என்ற பெண்மணியும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய், வேலை போனவர்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று குறித்து வைத்து, 1933-ல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

என்ன எதிர்பார்ப்போம்? நேரம் நிறைய இருக்கிறது, ஊர் நூலகத்தில் கூட்டம் அலைமோதும் என்றுதானே? நடந்தது நேர்மாறு. கட்டணம் இல்லை என்று சொல்லியும், இரவல் வாங்கும் புத்தகங்களின் எண்ணிக்கை சரிந்தது. தெருவில் ஆண்களின் நடை மெதுவானது. நாலடி நடந்தால் ஒரு இடத்தில் நின்றார்கள். பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். மணி தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் பெண்கள் மட்டும் வேகமாகவே நடந்தார்கள்! சமையல், துவைப்பது, கிழிந்ததைத் தைப்பது, பிள்ளைகள் என்று அவர்களுக்கு நாள் பூராவும் வேலை இருந்ததே.

இதைப் படிக்கும் தாய்மார்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். விருப்ப ஓய்வு என்பது வீட்டுக்காரருக்குத்தான், உங்களுக்கு ஏது? என்னிடம் வரும் பெண்களிடம் சீட்டில் எழுத "என்ன வேலை பாக்கீங்கம்மா?" என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் "ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா வீட்லதான்" என்பார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்துக்குப் படுக்கிறவர் சொல்கிற பதில் இது! இப்போதெல்லாம் நான் அந்த இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதுவதில்லை. 'வீட்டு வேலை, 17 மணி நேரம்' என்று எழுதுகிறேன். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு ஒரு அம்மா கண் கலங்கியிருக்கிறார்.

அண்ணாச்சியின் மனைவிக்கும் ஒரு மனக்குறை இருந்தது. "வீட்லயே இருந்துக்கிட்டு, அடுப்படிக்கு வந்து சாம்பார்ல பெருங்காயம் போட்டியா, தண்ணி எதுக்கு இவ்வளவு ஊத்துதேங்காக. முப்பது வருஷமா நான் சமைச்சதத்தானே சாப்பிட்டாக?" வேலை இல்லாத மேஸ்திரி அடுப்படியை ஆபீஸாக்கிவிட்டார், வேறென்ன!

நாடி பார்க்க மறந்த வைத்தியன்

இதையெல்லாம் ஊருக்கு மட்டும் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் இந்த நோய் வந்ததுண்டு. வேறு ரூபத்தில் வந்தது.

2008-லிருந்து மூன்று ஊர்களில் கிளினிக் வைத்திருந்தேன். காலையில் ஒரு ஊர், மத்தியானம் ஒரு ஊர், ராத்திரி சொந்த ஊர். சில நாட்களில் எண்பது பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு டானிக் கம்பெனி பாட்டிலுக்கு இவ்வளவு என்று கமிஷன் வேறு தந்தது. வாங்கிக்கொண்டேன். வீடு மாடி ஏறியது. எனக்கு நெஞ்செரிச்சல் ஏறியது. அடுத்தவருக்கு 'நேரத்துக்குச் சாப்பிடுங்க' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் பஸ்ஸில் பிஸ்கட் சாப்பிட்டேன்.

2012-ல் ஒரு நாள். மூட்டுவலிக்கு ஒரு பாட்டி வந்திருந்தார். பழைய சீட்டைப் பார்த்து அதையே திருப்பி எழுதிக் கொடுத்து, "அடுத்து யாரு?" என்று குரல் கொடுத்துவிட்டேன். பாட்டி எழுந்திருக்கவில்லை. கையை மேஜைமேல் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.

"அய்யா, நாடி பாக்கலியே?"

வெட்கமாகிப் போயிற்று. பார்த்தேன். அன்று இரவு யோசித்துப் பார்த்தால், அதற்கு முந்திய ஒரு வாரத்தில் எத்தனை பேர் நாடியைப் பிடித்தேன் என்று எனக்கே நினைவில்லை. பணம் எவ்வளவு வந்தது என்பது மட்டும் பைசா சுத்தமாக நினைவிருந்தது.

இரண்டு கிளினிக்கையும் மூடிவிடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "மூடுங்க. பொண்ணு காலேஜ் ஃபீஸ யாரு கட்டுவா?" என்றார் என் மனைவி. அவர் கேட்டது நியாயம். மனத்திருப்தி என்று கிளம்புகிற ஆண்கள் பலரும் மளிகைக் கணக்கை மனைவி தலையில் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்! கமிஷனை உடனே நிறுத்தினேன். ஒரு கிளினிக்கை அந்த வருஷமே மூடினேன். இன்னொன்றை மகள் படிப்பு முடியும்வரை நடத்தி, பிறகுதான் மூடினேன். வருமானம் பாதியாயிற்று. நெஞ்செரிச்சல் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதிக்கு மேல் குறைந்தது.

பணம் முக்கியமில்லை என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இருபத்து மூன்று வயதுப் பெண் என்னிடம் வருகிறாள். காலில் நரம்பு புடைத்து, குதிகால் வலி. நாள் முழுக்க நின்றே இருக்கும் வேலை. தம்பியைப் படிக்கவைக்கிறாள். காலையில் எதற்கு எழுந்திருக்கிறோம் என்பது அவளுக்கு என்னைவிட, உங்களைவிடத் தெளிவாகத் தெரியும். அவளிடம் போய் வேலையின் அர்த்தம் பற்றிப் பேசுவது பாவம். அவளுக்கு வேண்டியது ஒரு ஸ்டூல். கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே ஒரு ஸ்டூல் போடுங்கள்.

அண்ணாச்சிக்கு என்ன கொடுத்தேன்?

வயிற்றுக்கு ஏலாதிச் சூரணம், தூக்கத்துக்கு அமுக்கராச் சூரணம் பாலில். (இதைப் படித்துவிட்டு நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அமுக்கரா ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.) ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பகல் தூக்கத்துக்குத் தடை போட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி வரை தூங்கினால் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வராமல் என்ன செய்யும்? பகலில் தூங்காதே என்பது தேரையர் சொன்ன நோய் அணுகா விதிகளில் ஒன்று.

பிறகு, "காலைல எட்டரைக்குள்ள குளிச்சு, சவரம் பண்ணி, சட்டை போட்டு வெளியில கிளம்பிரணும்" என்றேன்.

"எங்க போக?"

"அது உங்க பாடு. மத்தியானம் வரைக்கும் வீட்ல இருக்கக்கூடாது."

அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

முதல் ஆறு மாதம் பெரிய முன்னேற்றம் இல்லை. தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை, பசி இல்லை. நடுவில் ஒரு ஆபத்தும் வந்தது. ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் லட்சத்துக்கு இவ்வளவு என்று மாதாமாதம் தருகிறார்களாம், பத்து லட்சம் போடப்போகிறேன் என்றார். கண்ணில் ஒரு பளபளப்பு. பணத்துக்கு வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பளபளப்பு எனக்குத் தெரியும். கையில் மொத்தப் பணமும் சும்மா கிடக்கிறது, நாளும் சும்மா கிடக்கிறது, இரண்டும் சேர்ந்தால் மனிதன் ஏதாவது பரபரப்பைத் தேடுவான். நல்லவேளை, மகள் தடுத்துவிட்டார். ஓய்வுபெற்று முதல் ஒரு வருஷம், வங்கி, போஸ்ட் ஆபீஸ் தவிர எங்கேயும் மொத்தமாகப் பணத்தைப் போடாதீர்கள் என்று இப்போது என்னிடம் வரும் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.

திருப்பம் வந்தது 2021 நவம்பரில். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கவேண்டிய மாதம் அது. 2014-லிருந்து 'ஜீவன் பிரமாண்' என்று ஆதார் கைரேகையை வைத்து ஆன்லைனிலேயே கொடுக்கலாம். தனக்குக் கொடுக்கப் போனவர், ஒரு பாட்டி வரிசையில் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். ஆயுசு பூராவும் பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்துபோன விரல். கருவி ஏற்கமாட்டேன் என்கிறது. "உயிரோடதான் இருக்கேன்னு இந்த மிசினுக்கு எப்பிடிச் சொல்ல?" என்று கேட்டிருக்கிறார் பாட்டி.

கேபிள்காரருக்கு இது போதாதா? விரலைத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, வேறு வேறு விரலாக வைத்து, கால் மணி நேரத்தில் பதிய வைத்துவிட்டார்.

அடுத்த வாரமே கைரேகைக் கருவி ஒன்றை வாங்கிவிட்டார். நடக்க முடியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் வீடுகளுக்கு அவரே போனார். முகத்தைக் காட்டிச் சான்று தரும் வசதி செல்போனிலேயே வந்த பிறகு வேலை இன்னும் சுலபமாயிற்று. நவம்பர் போக மற்ற மாதங்களில் ஆதார் திருத்தம், கேஸ் புக்கிங், கரண்ட் பில் என்று வயசானவர்களுக்குக் கூடமாட உதவி.

முதலில் இலவசமாகத்தான் செய்தார். நான்தான் காசு வாங்கச் சொன்னேன். ஏன் என்றால், இலவசம் என்றதும் ராத்திரி ஒன்பது மணிக்கும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வீட்டில் திண்ணையிலேயே உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். மனிதர் மறுபடி சுருங்க ஆரம்பித்தார். "முப்பது ரூபாய் வாங்குங்க. இல்லாதவங்ககிட்ட வேண்டாம்" என்றேன். தயங்கித் தயங்கி வாங்க ஆரம்பித்தார். முப்பது ரூபாய் ஆனதும், "வாங்க சார், உக்காருங்க, காபி சாப்பிடுதீயளா?" என்று மரியாதை வந்துவிட்டது!

ஒரு நாள் 210 ரூபாய் சேர்ந்ததாம். வீட்டுக்குப் போய் மனைவி கையில் கொடுத்திருக்கிறார். அதை என்னிடம் சொன்னபோது, "லட்சக்கணக்குல பேங்க்ல விழுந்தப்ப ஒண்ணும் தோணல டாக்டர். இந்த இருநூத்திப் பத்து ரூபாயக் குடுத்துட்டு உக்காந்தேன், அப்பிடிப் பசிச்சுது பாத்துக்கிடுங்க" என்றார்.

எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடாது. ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கும்போதே யோசிக்க ஆரம்பித்தால் நல்லது. 'என்ன ஹாபி வைத்துக்கொள்ளலாம்' என்று யோசிக்காதீர்கள். உங்கள் கைக்குத் தெரிந்த வேலை எது, அது யாருக்குத் தேவைப்படும் என்று யோசியுங்கள். ஓய்வு பெற்றவரை 'இனிமே ஹாயா இருங்க' என்று வாழ்த்துகிறோமே, அது எனக்குக் கேட்கவே பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சு அடைப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது இவற்றை 'மனசுதான் காரணம்' என்று தள்ளிவிடாதீர்கள். அண்ணாச்சியின் ஃபைல் முழுக்க நார்மல் என்று இருந்ததால்தான் நான் வேறு பக்கம் யோசிக்க முடிந்தது. அதேபோல, எதிலும் பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், இருந்து என்ன பயன் என்ற பேச்சு ஒருமுறை வாயில் வந்தால்கூட, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் அரசாங்கத்தின் இலவச ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது. அது சூரணத்தில் தீர்கிற விஷயம் அல்ல.

போன நவம்பரில் அண்ணாச்சி வந்திருந்தார். நாடி பார்க்க வலது கையை நீட்டினாரே தவிர, கண் இடது கைக் கடிகாரத்தில் இருந்தது.

"சீக்கிரம் பாருங்க டாக்டர். பன்னெண்டு மணிக்கு ஒரு ஆச்சி வீட்டுக்கு வாரேன்னு சொல்லிருக்கேன்."

ரத்த அழுத்தம் 130-க்கு 84. பசி, தூக்கம் பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் நல்லாருக்கு. ஆனா மத்தியானச் சாப்பாட்டுக்கு மூணு மணிக்கு வாராக டாக்டர். நீங்களாவது கொஞ்சம் கண்டிச்சு வைங்க!"